அந்தரம் என்றால் என்ன?

என் அம்மா வருத்தமாய்க் கிடந்தபோது வைத்தியரிடம் சொன்னது ஒரேயொரு வசனம்தான். "ஒரே அந்தரமாக் கிடக்குது, தம்பி." அந்த இளம் வைத்தியரும் தமிழர்தான். "யோசினை கூடிப்போச்சு அம்மா, நல்லாய் நித்திரை கொள்ளுங்கோ" என்று குளிசை எழுதித் தந்தார். மூன்றாம் நாள் இரவு மூச்செடுக்க முடியாமல் அம்மா எழுந்து உட்கார்ந்த பிறகே இருதயம் பழுதடைந்திருப்பது தெரியவந்தது. அம்மா தப்பிவிட்டார். ஆனால் அதன்பின் அவரைக் கிணற்றடிக்குத் தனியே விட எமக்கு மனம் வருவதில்லை.

அந்த வைத்தியரில் எனக்குக் கோபமில்லை. எங்கள் கண்டாவளையில் பயந்தாலும் அந்தரம், மனம் குழம்பினாலும் அந்தரம், நெஞ்சு படபடத்தாலும் அந்தரம்தான். "எப்படியான அந்தரம்?" என்று திருப்பிக் கேட்க அவருக்கு யார் கற்பித்தார்கள்?

என் தங்கச்சியின் மகள் இப்போது மருத்துவபீட மாணவி. "பெரியம்மா, பாடம் முழுக்க ஆங்கிலம். வாட்டில ஆச்சிமார் தங்கட தமிழில சொல்லுகினம். இரண்டுக்கும் நடுவில நாங்கள் முழிக்கிறம்" என்றாள். போன விடுமுறைக்கு வந்தவள் ஒரு கொப்பியுடன் அயலெல்லாம் திரிந்தாள். முட்டு, சத்தி, நாரிப்பிடிப்பு, செங்கண்மாரி, சீனி வருத்தம் என்று பக்கங்கள் நிறைந்தன. 'குலைப்பன்' என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதே இல்லை. வன்னியில் பிறந்தவளுக்கு மலேரியாக் காய்ச்சலின் பெயர் தெரியாதா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. பிள்ளை எங்கே கேட்டிருக்கப் போகிறாள்!

இந்தக் கொப்பியைத் தம் ஆசிரியர்களிடம் கொடுத்து, நோயாளியின் பேச்சையும் பாடத்தில் சேர்க்கும்படி கேட்க அவளும் தோழிகளும் எண்ணியிருக்கிறார்கள். "படிக்கிற பிள்ளைகள் பாடத்தைத் திருத்துவதா?" என்று அவளுடைய தகப்பனார் முகஞ்சுளித்தார். அவருக்கு நான் மானிப்பாய்க் கதையைச் சொன்னேன்.

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்தவர். முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழில் கற்பித்தார். அதற்குத் தமிழ் நூல்கள் வேண்டுமே! அவற்றை அவர் தனியே ஆக்கவில்லை. அவரிடம் பயின்ற டன்போத், சப்மன் போன்றோரும் மொழிபெயர்த்தார்கள். 'இரண வைத்தியம்' 1867 இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் அப்படி வந்தவையே. எங்கள் பெண்கள் அறியவேண்டிய ஒன்று, பிரசவ வைத்திய நூல் அவற்றுக்கும் முந்தி 1857 இலேயே வெளிவந்துவிட்டது. 1873 இல் தாய்நாடு திரும்பிய பின்னும் கிறீன் இவ்வேலையை விடவில்லை. கற்றவர்கள் கைவைத்த பாடநூல்களில் அடுத்த அணி மாணவர்கள் கற்றார்கள்.

உலக மருத்துவக் கல்விச் சம்மேளனம் 2003 இல் வெளியிட்ட நியமங்களும், பாடத்திட்டத்தை வகுப்பதிலும் மதிப்பிடுவதிலும் மாணவர் பங்குகொள்ள வேண்டும் என்கின்றன. கூட்டத்துக்கு ஒரு பிள்ளையை அழைத்து, ஓரக் கதிரையில் இருத்தி, தேநீர் கொடுத்து அனுப்புவதைப் பங்கு என்று சொல்லமுடியாது. மாதர் சங்கக் கூட்டங்களில் நாங்கள் பார்க்காததா!

தகப்பனார் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கொப்பிக்கு அவரே உறை போட்டுக் கொடுத்தார்.

யாழ்ப்பாணம் திரும்புமுன் அவள் அம்மாவிடமும் போய்க் குந்தினாள்.

"அம்மம்மா, அந்தரம் எண்டால் எங்க, எப்ப வரும்?"

அம்மா நெஞ்சில் கைவைத்துச் சற்று யோசித்தார். "படுத்தால்தான் பிள்ளை வரும். எழும்பி இருந்தால் குறையும். இரண்டு தலையணை வைச்சால் கொஞ்சம் பரவாயில்லை."

அவள் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பெரியம்மா, இதை அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லையோ?"