இரண்டாவது பெயர்

விலங்குக் காப்பகத்தில் தந்த படிவத்தில் பெரும்பாலும் எதிர்பார்த்த கேள்விகளே இருந்தன. வீடு சொந்தமா வாடகையா, எத்தனையாவது மாடி, சன்னல்களுக்கு வலை உண்டா. கடைசி வரியில் மட்டும் பேனா நின்றுவிட்டது. உங்களால் பராமரிக்க இயலாமல் போனால் பொறுப்பேற்பவர் யார்?

எனக்கு 62 வயது. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். குட்டி வேண்டும் என்று போனவன், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த 3 வயதுப் பெண்பூனையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கூட்டல்தான் காரணம். கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வரியில் அமெரிக்காவில் இருக்கும் மகனின் பெயரை எழுதினேன். அவனிடம் கேட்கவில்லை.

தஞ்சைப் பக்கம் பாட்டி வீட்டில் எப்போதும் ஒரு பூனை இருந்தது. யாரும் அதை வளர்த்ததாகச் சொல்ல முடியாது. புலால் புழங்காத வீடு. கொல்லைப்புறத்தில் பாட்டி வைக்கும் தயிர்சாதத்தைத் தின்றுவிட்டுப் போகும். எங்கள் வீட்டுப் பூனையும் சைவம் என்று பெருமையாகச் சொல்வார். நெற்குதிரடி எலிகளைக் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருக்கும்.

சென்னையில் மூன்றாம் மாடி அடுக்ககத்தில் எலிகள் இல்லை. பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும். தன் தேவைக்குப் போதுமான அளவு அதன் உடலால் அதைத் தயாரிக்க முடியாது, புலாலிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பதை 1975இலும், இதயத்தசை தளரும் என்பதை 1987இலும் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். தயிர்சாதத்தில் நான் வளர்க்க நினைத்தது ஒரு குருட்டுப் பூனையை. பாலும் கூடாதாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட கம்பரை எண்ணிக் கவலையாக இருந்தது.

வந்த நாளே பூனை கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டது. வாங்கி வைத்த பூனை உணவைத் தொடவில்லை. பசித்தால் தானே வரும் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் நாள் மாலை மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் மாறிவிட்டது. சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம், எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார்.

மனைவி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். திருமணமாகி 34 ஆண்டுகளில் முட்டையைக்கூட வாசல்படி தாண்ட விடாதவள். "மீன் எங்கேங்க கிடைக்கும்?" என்றாள். மீன்கடை வாசலில் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அந்தப் பெண்மணி யாருக்கு என்று விசாரித்து, சிரித்து, முள்ளில்லாத துண்டாகப் பார்த்துத் தந்தார். பால்கனியில் மின்னடுப்பை வைத்து, புது ஏனத்தில் உப்பில்லாமல் வேகவைத்தாள் மனைவி. முந்தானை மூக்கை மூடியிருந்தது. கண்ணில் நீர், அதற்கு நாற்றம் மட்டுமே காரணமா என்று நான் கேட்கவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கட்டிலுக்கடியிலிருந்து நக்கும் சத்தம் கேட்டது.

இப்போது டாரின் சேர்த்த பூனை உணவையும் தின்கிறது. மீன் வாரம் ஒருமுறை. மேசையில் கிடந்த என் தலைவலி மாத்திரைகள் பூட்டிய டப்பாவுக்குப் போய்விட்டன. ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்று இத்தனை வயதில்தான் தெரிந்துகொள்கிறேன்.

மகனிடம் ஒரு மாதம் கழித்துச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. "முன்னாடியே கேட்டிருக்கணும்ப்பா. இவளுக்குப் பூனை முடி பட்டாலே மூச்சுத் திணறும்" என்றான். கோபித்துக்கொள்ள எனக்கு இடமில்லை.

தம்பி மகளைத் திருச்சியிலிருந்து வரச்சொன்னேன். இரண்டு நாள் இருந்தாள். மலத்தொட்டியை அவளே சுத்தம் செய்தாள், தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். கிளம்பும்போது, "சரி பெரியப்பா, என் பேரை எழுதிக்கோங்க. ஆனா பெரியம்மா மாதிரி மீன் வேகவைக்கக் கத்துக்கணும்" என்றாள். மறுநாள் காப்பகத்துக்குப் போய், பழைய படிவத்தை எடுத்துத் தரச்சொல்லி, மகனின் பெயரை அடித்தேன்.