காவல் இருந்த கை

"தலையைச் சாய்த்தால் போதும், தூங்கிவிடுவார். கொடுத்து வைத்தவர்" என்று உறவினர்கள் என்னைப் பற்றிச் சொல்வதுண்டு. கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருக்கும்போதும் என் குறட்டை தனியாகக் கேட்குமாம். நல்ல தூக்கத்துக்கு அதுதான் அடையாளம் என்று நானும் நம்பினேன். ஆனால், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் வாய் காய்ந்து, தலை கனத்து, அடித்துப் போட்டது போல இருக்கும். ஐம்பதைத் தாண்டிவிட்டோம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி மட்டும் வேறு சொன்னாள். "குறட்டை கேக்குற வரைக்கும் பயமில்லைங்க. அது நிக்குதே, அப்பதான் பயம்." சத்தம் நின்றதும் மனசுக்குள் எண்ணத் தொடங்குவாளாம். பத்து, பதினைந்து, இருபது. முப்பதை நெருங்கினால் என் தோளைப் பிடித்து உலுக்குவாள். முங்கு நீச்சலில் இருந்து தலை தூக்கியவன் போல ஒரு பெரிய மூச்சை இழுத்துவிட்டு நான் புரண்டு படுப்பேனாம். காலையில் எனக்கு எதுவும் நினைவிருக்காது. எத்தனையோ வருஷம் அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மதியம் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குக் கார் ஓட்டிப் போனேன். கீரனூர் தாண்டியதும் டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். வண்டி தார் ரோட்டைவிட்டு இறங்கியிருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரமே டாக்டரிடம் போனேன்.

தலையில் பசை தடவி வயர்களை ஒட்டி, நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டி, விரலில் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். என்ன நடக்கிறது என்பது அதில் தெரிந்தது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சு இழுத்தும் காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ, காற்று வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலோ கணக்கில் சேர்ப்பார்கள். மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் கவலையில்லை. 30 தொட்டால் தீவிரம். எனக்கு 42. மாத்திரை போட்டும் அடங்காத என் பி.பி.க்கும் இதில் பங்கிருக்கலாம் என்றார் டாக்டர். குண்டானவர்களுக்கு மட்டும் வரும் நோயில்லை இது. தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும் வரும்.

இதற்கு எழுதிக் கொடுப்பதுதான் சிபாப் மெஷின். வீட்டுக்கு வந்தவர்கள் ஆக்சிஜன் வைத்திருப்பதாக நினைத்துப் பதறினார்கள். அறையிலுள்ள காற்றைத்தான் அது வடிகட்டி, மெல்லிய அழுத்தத்தில் மாஸ்க் வழியாக அனுப்புகிறது. மூடிக்கொள்ளும் தொண்டைக்கு அந்தக் காற்றே முட்டுக்கொடுக்கிறது. 1980இல் சிட்னியில் காலின் சலிவன் என்ற மருத்துவர் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். ஆரம்பகால மெஷின்களுக்கு வாக்குவம் கிளீனர் மோட்டாரே காற்று தந்தது. அதற்கு முன்பு, நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மாஸ்க்கைத் தொல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் முதல் வாரம் கஷ்டப்பட்டேன். முகத்தை யாரோ பொத்துவது போல இருக்கும். வாயைத் திறந்தால் காற்று பீறிட்டு வெளியே வரும். பட்டை தளர்ந்தால் கண்ணில் அடிக்கும். இறுக்கினால் மூக்குத்தண்டில் தழும்பு விழும். நடுராத்திரி கழற்றி எறிந்தது எனக்கே தெரியாது. பகலில் பேப்பர் படிக்கும்போது அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு பழகச் சொன்னார் டெக்னீஷியன். அழுத்தம் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும்படி வைத்தார். மாஸ்க்கின் அளவையும் மாற்றினார். காற்றை ஈரப்படுத்த மெஷினில் உள்ள சிறு தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியதும் தொண்டை வறட்சி நின்றது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. மூன்றாவது வாரம் ஒருநாள் விடிந்தபோதுதான் தெரிந்தது, தலைபாரம் இல்லை. மெஷின் காட்டிய கணக்கு 3.

அதே மாதம் ஒரு ராத்திரி எனக்கு விழிப்பு வந்தது. இருட்டில் அவள் கை என் முகத்தருகே இருந்தது. மாஸ்க்கின் முன்னால் காற்று வெளியேறும் சிறு துளைகளுக்கு நேரே உள்ளங்கையை வைத்து, என் மூச்சுக்கேற்ப அந்தக் காற்று கூடுவதையும் குறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலமும் சத்தம் நின்றால் ஆபத்து என்றே பழகியவள். இப்போது ராத்திரி முழுக்கச் சத்தமே இல்லை. நான் அசையாமல் படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கை விலகியது.

தூங்குகிறவனுக்குத் தன் தூக்கம் தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும். அவர் "மூச்சு நிக்குது" என்று சொன்னால், அன்றைக்கே நம்புங்கள். நான் நம்பாத வருஷங்களில் அவள் இழந்த தூக்கத்தை என்னால் திருப்பித் தர முடியாது.

இப்போதெல்லாம் அந்தக் கை வருவதில்லை. சில நாள் அலாரம் அடித்தும் அவள் எழுவதில்லை. நான் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, விளக்கைப் போடாமல், காபி போட அடுக்களைக்குப் போகிறேன்.