நீங்கள் வாழும் பட்டணத்தைப் பார்த்திருக்கிறீர்களா?



ஊரிலிருந்து உறவினர் மும்பைக்கு வந்தால் கேட்வே ஆஃப் இந்தியாவையும் கடலையும் காண்பித்து, ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். பல ஆண்டுகள் இங்கே பிழைத்தும், வேலைக்குச் செல்லும் ரயிலையும் சபைக்குச் செல்லும் தெருவையும் தவிர நாம் அறிந்தது குறைவே. இங்கே பிறந்த நம் பிள்ளைகளோ, தகப்பனுடைய ஊரும் தங்களுக்குச் சொந்தமல்ல, இந்தப் பட்டணமும் சொந்தமல்ல என்று வளருகிறார்கள். இது சிறிய காரியமல்ல.

ஒரு விடுமுறை நாளை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். சர்ச்கேட் நிலையத்தில் இறங்கி, ஓவல் மைதானத்தைக் கடந்து காலா கோடாவுக்கு நடந்து செல்லுங்கள். கருப்புக் குதிரை என்பதே அப்பெயரின் பொருள். இளவரசர் எட்வர்ட் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை அங்கே நின்றது. 1965-ல் அது பைகுல்லா ராணி பாக்கிற்கு மாற்றப்பட்டது. 2017-ல் ஆளில்லாத ஒரு குதிரைச் சிலை அவ்விடத்தில் நிறுவப்பட்டது. அருகே 1952-ல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் ஓவியங்களைக் கட்டணமின்றிக் காணலாம். 1922-ல் திறக்கப்பட்ட பெரிய அருங்காட்சியகத்திற்குக் கட்டணம் உண்டு. ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ ஒன்பது நாட்கள் நடைபெறும் காலா கோடா கலைவிழா 1999-ல் தொடங்கியது. அதில் காண்பவை யாவும் நமக்குத் தக்கவை அல்ல. பெற்றோர் நிதானித்துத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆனாலும் சித்திரமும் கைவேலையும் தேவன் மனுஷனுக்கு அருளிய ஞானமே. ஆசரிப்புக் கூடாரத்தின் பெசலெயேலை நினைத்துப்பாருங்கள்.

அந்தப் பழைய சிலையைப் பட்டணத்திற்குக் கொடுத்தவர் ஆல்பர்ட் சசூன் என்னும் யூதர். அவருடைய தகப்பன் தாவீது சசூன் பாக்தாத்திலிருந்து இங்கே வந்தவர். அவர் பெயரால் ஒரு நூலகம் அதே தெருவில் நிற்கிறது. சற்றுத் தள்ளி, 1884-ல் அக்குடும்பத்தார் கட்டிய நீலநிற ஜெப ஆலயம் இருக்கிறது. அதற்கு எலியாவின் பெயர். வந்தேறிகளாய் வந்தவர்கள் வாங்கினதோடு நில்லாமல் கொடுத்தும் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பின்பு மாலையில் ஓவல் மைதானத்திற்குத் திரும்பி வாருங்கள். ஒரே புல்வெளியில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடப்பதைக் கட்டணமின்றிக் காணலாம். இதற்கு வடக்கேயுள்ள ஆசாத் மைதானத்தில்தான் 1988-ல் பள்ளி மாணவராயிருந்த சச்சினும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்கள் சேர்த்தார்கள். உங்கள் மகனுக்கு விளையாட இடமில்லாத சந்தில் வீடு இருக்கலாம்; இந்த வெளியில் அவனும் ஒரு மணிநேரம் ஓடட்டும்.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி நிருபம் எழுதியபோது, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கும்படி சொன்னார் (எரேமியா 29). நாமும் ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் மும்பைக்காக மன்றாடுகிறோம். ஆனால் கண்ணால் காணாத பட்டணத்திற்காக நம் பிள்ளைகள் எப்படிப் பாரத்தோடு ஜெபிப்பார்கள்? அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் தாங்கள் கண்ட ஒரு தெருவின் பெயரைச் சொல்லி அவர்களே ஜெபிக்கட்டும்.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களையும் இந்தப் பட்டணத்தையும் ஆசீர்வதிப்பாராக.