பெயர் தைத்த போர்வை

கைவேலை என்றாலே வேலையற்ற மாதரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். கிறிஸ்துமஸ் நெருங்குங்கால் கிறிஸ்தவ இல்லங்களில் காகித நட்சத்திரம் ஒட்டுவதையும், துணியும் பஞ்சும் கொண்டு பொம்மை தைப்பதையும் கண்டு, "கடையில் காசு கொடுத்தால் கிடைக்காததா இது?" என்று நகைப்போரையும் நான் அறிவேன். அவர்கள் 1942-ஆம் ஆண்டின் சாங்கிச் சிறையைச் சற்றே நினைத்துப் பார்ப்பார்களாக.

அவ்வாண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மறுமாதமே ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். சுமார் 600 கைதிகளுக்கென 1936-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தில் 2,000 பேருக்கு மேல் அடைபட்டனர். ஆடவர் ஒருபுறம், மாதரும் குழந்தைகளும் மறுபுறம். படையிலிருந்த கணவன்மாரோ வேறிடத்துப் போர்க்கைதி முகாமில். "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பவும் வழியில்லை. கடிதத்துக்குத் தடையிருந்த அவ்விடத்தில் ஊசிக்குத் தடையில்லை.

கனடா நாட்டவரான எதெல் மல்வானி என்னும் மாது ஓர் ஏற்பாடு செய்தார். பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆறங்குலச் சதுரத் துணி ஒன்று தரப்படும். அதில் அவரவர் தம்மைப் பற்றி ஏதேனும் ஒன்றைப் பூத்தையலாக இட்டுப் பெயரையும் தைக்க வேண்டும். அச்சதுரங்கள் 66-ஐ இணைத்தால் ஒரு போர்வை. இவ்வாறு மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்று பிரிட்டிஷ் வீரருக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரருக்கு, மற்றொன்று காயமுற்ற ஜப்பானியருக்கு! பகைவருக்கு ஏன் என்பீர்கள். அவர்களுக்கும் ஒன்று கொடுத்தாலன்றோ மற்றவை சிறைக் கதவைத் தாண்டும்? ஜப்பானியருக்கான போர்வையில் பூக்களும் இனிய காட்சிகளுமே மிகுதி. மற்றவற்றில் கப்பலும், தாயகத்து நினைவும், சிறையறையும் கூட உண்டு. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ஒருவன் அப்போர்வையில் தன் மனைவியின் பெயரைக் கண்டால் அவனுக்கு வேறு கடிதம் எதற்கு?

ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்தில், இதை நீரில் துவைக்காமல் உலர்சலவை செய்வது நலம் என்ற குறிப்பையும் தைத்திருக்கிறார்கள். சோற்றுக்குத் திண்டாடிய பெண்கள் சலவைக்காரருக்கும் யோசனை சொல்லி வைத்ததை எண்ணுந்தோறும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் பிறக்கிறது.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு, போர்க்கைதிகளான வீரர்கள், கிடைத்த மரத்துண்டையும் தகரத்தையும் கொண்டு சிறையிலிருந்த குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் செய்து அனுப்பினர். தம் பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவர்கள் யாருடைய பிள்ளைக்கோ சக்கரம் செதுக்கினார்கள்.

இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்கு வேறொரு போர்வையும் நினைவுக்கு வந்தது. எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டித் தைத்த ஒட்டுப் போர்வை அது. என் சிறு வயதில் அதன் மேல்தான் நாங்கள் உறங்கினோம். அதன் ஒரு மூலையில் மட்டும் கரையோடு கூடிய வெள்ளைத் துணி இருக்கும். "இது உங்க தாத்தா வேட்டி, இதுல காலை வைக்காதீங்க" என்பார் பாட்டி. தாத்தாவை 1943-இல் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வெள்ளைத் துணி வெறுமையாய் இருந்திருக்குமா? அவருக்கு எழுத்தை மறுத்தது ஜப்பானியர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்ணுக்கும் கூலிக்கும் படிப்பெதற்கு என்ற நம்மவரின் பேச்சும், பால் மரமே பள்ளிக்கூடம் என்றிருந்த தோட்ட வாழ்வும் அதற்கு முன்பே மறுத்துவிட்டன.

சாங்கிப் போர்வைகளில் இரண்டு கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. அவற்றிலுள்ள பெயர்களை இன்றும் படிக்கலாம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளும் பெயர் தாங்கி வரிசையாய் நிற்கின்றன. அதே பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரில் பெரும்பாலோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுடைய வேட்டியோ, சேலையோ, தலைப்பாகைத் துணியோ இன்னும் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் கிடக்குமாயின், அதில் பெயரைத் தைத்து வையுங்கள்.

பாட்டியின் போர்வை நைந்து போயிற்று. கரை வைத்த அந்த மூலைத் துணியை மட்டும் கத்தரித்து வைத்திருந்தேன். சென்ற மாதம் சிவப்பு நூல் வாங்கி, அதில் தாத்தாவின் பெயரைத் தைத்தேன். ஆண்பிள்ளைக்கு ஊசி எதற்கென்று வீட்டில் கேலி செய்தனர். ஐந்தே எழுத்துகள், இரண்டு மாலைப் பொழுது பிடித்தது. மூன்றாம் எழுத்து கோணலாக வந்திருக்கிறது.