மைன்புரியின் பித்தளைக் கோடுகள்

ஆக்ராவுக்கு அருகே வாழும் தமிழர் இல்லங்களுக்கு வரும் விருந்தினர், தாஜ்மகாலைக் கண்டு திரும்பியதும் கேட்பது ஒன்றே: பளிங்கில் வண்ணக் கல் பதித்த தட்டு எங்கே மலிவாகக் கிடைக்கும்? டூண்ட்லாவில் ரெயில்வே குமாஸ்தாவாக நாம் அமர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் எத்தனை தட்டுகளைப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்திருப்போமோ, கணக்கில்லை. ஆனால் பளிங்கில் கல்லைப் பதிப்பது போலவே மரத்தில் பித்தளையைப் பதிக்கும் ஊர் ஒன்று பக்கத்திலேயே இருப்பதைச் சென்ற ஆண்டு வரை நாம் அறிந்திலோம்.

நம் தந்தையார் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தச்சு வேலை செய்பவர். நம்மை மட்டும் உளியைத் தொடவிடாமல் பள்ளியிறுதி வரை படிக்க வைத்தார். அவருக்கு அறுபது நிறையும் தருணத்தில் என்ன வாங்கிச் செல்வது என்று நாம் யோசித்துக்கொண்டிருந்தபோது, அலுவலகத் தோழர் ஒருவர், "தச்சருக்குக் கல் தட்டு எதற்கு? எங்கள் மைன்புரிக்குப் போய் வாருங்கள்" என்றார்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் இல்லத்தரசியுடன் புறப்பட்டோம். வளையல் ஊராகிய பிரோசாபாத்தைக் கடந்து ஷிகோகாபாத்தில் இறங்கி, பரூக்காபாத் செல்லும் கிளைப் பாதையில் வேறு வண்டி ஏறவேண்டும். இருபுறமும் கோதுமைப் பசுமை. இடையிடையே கடுகுப் பூவின் மஞ்சள். கிளைப் பாதை வண்டிகளின் நிதானத்தைப் பற்றி நாம் எழுதுவது முறையன்று; உத்தியோகம் அப்படி!

பட்டறையை வழி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சந்து முனையிலேயே சிறு சுத்தியின் ஓசை காதில் விழுந்தது. உள்ளே முதியவர் ஒருவர் சாக்கின் மேல் அமர்ந்து, கடைந்த மரக்கிண்ணம் ஒன்றைக் கால்களிடையே இடுக்கி வேலை செய்துகொண்டிருந்தார்.

இக்கலைக்குத் தார்கஷி என்று பெயர். தார் என்றால் கம்பி. ஷீஷம் என்று இங்கே வழங்கும் மரம் நம் ஊர் ஈட்டிக்கு நெருங்கிய உறவு. அது நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் பின்னால் மரம் சுருங்கி, கம்பி மேலே எழும்பிவிடும். மரத்தின் மேல் கொடியும் இலையும் வரைந்து, அக்கோட்டின் வழியே மெல்லிய உளியால் பள்ளம் கீறுகிறார்கள். பித்தளைத் தகட்டைத் தணலில் காட்டி இளக்கி, நூல் போன்ற நாடாக்களாகக் கத்தரித்து, நாடாவை நெட்டுக்குத்தாகப் பள்ளத்தில் நிறுத்தித் தட்டி இறக்குகிறார்கள். நாம் பார்த்தவரை பசை ஏதும் வைக்கவில்லை. மரமே கம்பியைக் கவ்விக்கொள்கிறது. புள்ளி வேண்டுமாயின் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் சிறு துளையில் அடிக்கிறார்கள். பின்பு தேய்த்து மெருகிடுகிறார்கள். தட்டையான பலகையைவிடக் கிண்ணத்தின் வளைவில் வேலை கடினம் என்றார் முதியவர்.

முற்காலத்தில் தோல் செருப்பை விலக்கியவர்கள் அணிந்த மரப் பாதக்குறடுகளே இவ்வூரின் முதன்மைச் சரக்கு. துளசிதாசரின் இராமாயணத்தை ஆங்கிலமாக்கிய குரௌஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இம்மாவட்டத்தில் பணியாற்றியவர். இக்கலையைப் பற்றி 1888-இல் கட்டுரையும் எழுதினார். இன்று பெட்டி, தட்டு, கிண்ணம் எல்லாம் செய்கிறார்கள். 2023-இல் மைன்புரித் தார்கஷிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விலை கேட்டோம். ஆக்ராப் பழக்கத்தால் பாதியிலிருந்து தொடங்கினோம். முதியவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுத்தியை நம்மிடம் நீட்டி, "இந்த ஓர் இலையை முடித்துக் கொடுங்கள், பாபுஜி, பாதி விலைக்கே எடுத்துச் செல்லுங்கள்" என்றார். தச்சர் மகன் என்ற துணிவில் வாங்கி இரண்டு தட்டுத் தட்டினோம். நாடா வளைந்து பள்ளத்தை விட்டு வெளியே துள்ளியது. இல்லத்தரசி சிரித்துவிட்டாள். கேட்ட விலையைக் கொடுத்தோம்.

புறப்படும்போது நம் தந்தையாரின் தொழிலைச் சொன்னோம். முதியவர் சற்று நேரம் நம் கைகளையே பார்த்தார். தம் மூத்த மகன் டில்லியில் ஒரு கடையில் கணக்கு எழுதுவதாகச் சொன்னார். "பட்டறையில் உட்காருவதைவிட அது மேல்தானே?" என்றும் கேட்டார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

சித்திரையில் ஊருக்குச் சென்றபோது தந்தையார் கிண்ணத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடி அணிந்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு சென்றார். பூவையோ கொடியையோ அவர் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு கோட்டையும் வருடினார்.

"என்னப்பா தேடுகிறீர்கள்?"

"மரத்தூளும் வஜ்ஜிரமும் வைத்து எங்கேயாவது அடைத்திருப்பான். அடைக்காத தச்சன் உண்டா?"

விளிம்புக்கு அடியில், நெல்மணி அளவில், அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தும் விட்டார். அவர் முகத்தில் அப்போது தோன்றிய மகிழ்ச்சியைப் போல், அறுபதாம் கல்யாணத்து மாலையிலும் நாம் காணவில்லை. உள்ளே சென்று தம் உளிகளில் மிக மெல்லியதை எடுத்து வந்து கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். உளிதான் அகலமாக இருந்தது.

"அவன் உளி எத்தனை அகலம்?"

அரை நாள் எதிரே அமர்ந்திருந்தும் நாம் அதைக் கவனிக்கவில்லை. சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஐப்பசி அடைமழைக்குப் பின்னர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு கம்பிகூட எழும்பவில்லையாம். மார்கழிக் குளிர் தமக்கு ஆகாது, பங்குனியில் வருகிறேன், மைன்புரிக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று பார்த்து வை என்றார்.