பாவும் ஊடையும்

2017 ஜூனில் விஜய் தொலைக்காட்சியில் கமல்ஹாசனோடு தொடங்கிய 'பிக் பாஸ்', 2024இல் விஜய் சேதுபதியின் கைக்கு மாறியது. அருப்புக்கோட்டைத் தேநீர்க்கடைகளிலும் நம் மாணவர்களிடையேயும் அதைப் பற்றிய பேச்சு, யார் வெல்வார் என்பதோடு நிற்பதில்லை. யாரை நாமினேட் செய்தால் எந்த அணி உடையும், வாக்கு எங்கே சிதறும் என்று கணக்கிடுகிறார்கள். இருபத்து நான்கு மணி நேரம் ஒரு மணிச் சொச்சமாகச் சுருங்கி ஒருவரின் கோபம் மட்டும் மிஞ்சினால், முன்னிருந்த சீண்டல் எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். நெசவாளர் வீட்டு மாணவன் ஒருவன் சொன்னான்: "பாவு அவங்க போட்டது சார். நம்ம ஓட்டு வெறும் ஊடைதான்." அகநானூற்றின் நானூறு பாடல்களைத் தொகுத்த உருத்திரசன்மர் எவற்றை விட்டிருப்பார் என்று வகுப்பில் நாம் எழுப்பும் வினாவும் இதற்கு உறவுதான்.

வானம் பார்த்த திருச்சுழிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி கேட்டது வேறு. "பஸ் ஸ்டாண்டுல நான் ஒருத்தரோட பேசுன ஒரு நிமிஷத்த வீட்டுல கொண்டுபோய்ச் சேத்துட்டாங்க சார். மிச்ச நாளையெல்லாம் யாரு காட்டுவா?"

வெட்டி ஒட்டிய காட்சியை நம்பக் கூடாதென்று அறிந்த ஊர்தான் அந்த ஒரு நிமிடத்தை அப்படியே நம்பியது. இன்று அவள் வருகைப் பதிவேட்டில் பெயராக மட்டும் இருக்கிறாள்.