ஓட்டைக் காசு



தேர்வுத்தாள் திருத்தும் வேலையில் இப்பக்கத்தைப் பல வாரங்களாக எட்டிப் பார்க்கவே இயலவில்லை. இன்று கேமரன் மலையில் காலை முதல் ஓயாத மழை. தேயிலைச் சரிவுகள் மூடுபனியில் மறைந்துவிட்டன. இந்த ஈரத்தில் என் நாணயப் பெட்டியைத் திறந்து துடைத்து வைப்பது வழக்கம். செப்புக் காசுகளுக்குக் குளிரைவிட ஈரமே பகை. பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

என்னுடையது ஏழையின் சேகரிப்பு. கிழக்கிந்தியக் கம்பெனி நீரிணைக் குடியேற்றங்களுக்காக 1845ஆம் ஆண்டிட்டு வெளியிட்ட ஒரு காசு என்னிடம் உண்டு. விக்டோரியா அரசியின் மூக்கும் கன்னமும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. பழுதில்லாத காசென்றால் ஓர் ஆசிரியையின் சம்பளத்திற்கு எட்டாது. வணிகர்கள் உதிரியாகக் கொட்டி வைத்திருக்கும் பெட்டியில் கிடந்ததால் கிடைத்தது. துளையிட்டவை, வளையம் பற்றவைத்தவை, விளிம்பு நசுங்கியவை எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். தொடக்கத்தில் விலைக்காகவே அவற்றை வாங்கினேன். இப்போது பழுதுக்காகவே வாங்குகிறேன் என்றால் கணவர் சிரிக்கிறார்.

பழுதில் அப்படி என்ன இருக்கிறது? புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த புதையலை எண்ணிப் பாருங்கள். 501 உரோமானியப் பொற்காசுகள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு! காசாக இனிச் செல்லாது, வெறும் பொன்னாக மட்டும் கொள்க என்பதற்கான அடையாளம் அது என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். வெட்டுப்படாத காசு உரோமாபுரியைப் பற்றி மட்டுமே பேசும். வெட்டுப்பட்டதோ தமிழ் மண்ணில் அதற்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்கிறது. நம் நாட்டில் புழங்கிய மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் சீன வணிகர்கள் தரம் பார்த்துக் குத்திய முத்திரைகளும் அத்தகையவையே. (மலேசியத் தமிழர் இன்றும் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்கிறோமே, அந்த வெள்ளி நாணயக் காலத்தின் மிச்சம்தான்.)

சரி, சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

வரலாற்றுப் பாடத்திற்காக, வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொண்டு வந்து அதற்கொரு குறிப்பும் எழுதுமாறு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கூறியிருந்தேன். தேயிலை கிள்ளும் கூடை வந்தது, வெற்றிலை உரல் வந்தது. தோட்டத்து மாணவன் ஒருவன் மட்டும் கறுத்த நூலில் கோத்த சதுரக் காசொன்றைத் தயங்கித் தயங்கி நீட்டினான். மலாயாவின் ஒரு காசு. ஒருபுறம் ஆறாம் ஜார்ஜ் மன்னர். ஒரு மூலையில் ஆணியால் அடித்த ஒழுங்கற்ற துளை. அவன் எழுதியிருந்த குறிப்பு இதுதான்: ‘என் கொள்ளுப்பாட்டி பிறந்தபோது அரைஞாணில் கட்டிய காசு. ஆண்டு 1943.’

காசில் 1943 என்றுதான் இருந்தது. அதற்கு முந்தைய சதுரக் காசைவிடச் சற்றே சிறியது. இவ்வகை அரிதும் அன்று. ஆனால் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. 1942 பிப்ரவரியிலிருந்து 1945 வரை மலாயா ஜப்பானியரிடம் இருந்தது. கடைகளில் புழங்கியது வாழைமரம் அச்சிட்ட தாள்பணம். பிரிட்டிஷ் மன்னரின் தலையோடு 1943இல் அச்சான காசு, அதே ஆண்டில் இங்குள்ள குழந்தையின் இடுப்புக்கு எவ்வாறு வந்திருக்கும்? அவர்கள் திரும்பி வந்த பின்னரே வந்திருக்க முடியும்.

பையனின் குறிப்பு பிழை. திருத்துவது என் கடமை. சிவப்பு மையை எடுத்தேன், எடுத்த கையோடு வைத்துவிட்டேன். குடும்பம் எண்பது ஆண்டுகளாக நம்பி வந்ததை ஒரு கோடு போட்டு அடிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? சொல்லாமல் விட்டாலோ, நான் என்ன வரலாறு கற்பிக்கிறேன்? இரண்டு நாள் உறக்கம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை அவன் வீட்டிற்கே சென்றேன்.

போனபோது அவன் தாயார், டீச்சர் பார்க்க வருகிறாரே என்று காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்க எடுத்திருந்தார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். (பெற்றோர்களே, பழங்காசைத் துலக்காதீர்கள். மேல்படிந்த கறுமை போனால் காசின் வயதும் போய்விடும்.)

பாட்டியிடம் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். பிறப்புப் பத்திரம் கிடையாது. 1948இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவின்படி, பன்னிரண்டு வயது நிரம்பியதும் அட்டை எடுக்கச் சென்றபோது கிராணி இந்தக் காசின் ஆண்டைப் பார்த்தே பிறந்த ஆண்டை எழுதினாராம்.

“பிறந்தப்பவே கட்டினாங்களா பாட்டி?”

“யார் சொன்னா டீச்சரம்மா? நான் கைக்குழந்தையா இருக்கையில அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அப்போ நாங்க கீழே பேராக்குல ரப்பர்த் தோட்டத்துல. கூடப் போனவங்க நெறைய பேரு திரும்பல. அப்பா வந்தாரு. நான் நடந்து போயி அவரு காலைக் கட்டிக்கிட்டேனாம். வாழைமரத் தாளெல்லாம் குப்பைக்குப் போயிருச்சு. வெள்ளைக்காரன் காசுல மொத மொதல்ல கையில கெடச்சதை ஓட்டை போட்டு என் இடுப்புல கட்டுனாரு.”

வீட்டில் ஒருவரும் பேசவில்லை. இதை இதுவரை ஏன் சொல்லவில்லை என்று பேரன் கேட்டார். “யாரு கேட்டா?” என்றார் பாட்டி.

காசு பிறப்பைக் குறித்ததன்று. தந்தையின் மீள்வருகையைக் குறித்தது. அவ்வாறாயின் பாட்டி 1943க்கு முன்பே பிறந்திருக்கவும் கூடும். அட்டையை மாற்ற வேண்டுமா என்று தாயார் கவலைப்பட்டார். “அது கெடக்கட்டும், ஒரு வயசு கொறைஞ்சா யாருக்கு நட்டம்?” என்று பாட்டி பொக்கை வாயால் சிரித்தார்.

திங்கட்கிழமை பையன் குறிப்பை மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். ‘பிறந்தபோது’ என்பதை அடித்துவிட்டு, ‘பூட்டனார் சயாமிலிருந்து உயிரோடு திரும்பியபோது’ என்று எழுதியிருந்தான். ‘உயிரோடு’ என்பதற்கு றகரம் போட்டிருந்தான். அதை மட்டும் திருத்தினேன்.